தேங்காய் உடைத்தால் மட்டும் போதுமா?

கண்டி வீதி வழியாக யாழ்ப்பாணம் செல்வோர் முறிகண்டிப் பிள்ளையாரை வணங்காமல் கடந்து போவது அரிது. பஸ்ஸானாலும் லொறியானாலும் சொந்தக் காரானாலும் அவ்விடத்தில் வண்டி நிற்கும். சாரதி இறங்கித் தேங்காய் உடைப்பார்; கர்ப்பூரம் கொளுத்துவார். பிள்ளைகளுக்குக் கச்சான் பொட்டலம் ஒன்று கிடைக்கும். திருநீற்றை நெற்றியில் அணிந்து, எஞ்சியதில் ஒரு சிட்டிகையைச் சுக்கானிலும் தடவிவிட்டு, “இனி எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான்” என்ற நிம்மதியுடன் அவர் மீண்டும் ஆசனத்தில் அமர்வார். நெடுவழி செல்லுமுன் ஒரு கணம் நின்று, நம் உயிர் நம் கையில் மட்டும் இல்லை என்பதை நினைந்துகொள்ளும் இவ்வழக்கம் அழகானது. அதை நாம் குறைகூற முன்வரவில்லை.

ஆனால், அமர்ந்தபின் நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? தோளருகே தொங்கும் ஆசனப் பட்டியைச் சிலர் தொடுவதேயில்லை. வேறு சிலர் பொலிஸார் நிற்கும் சந்தி வரும்போது மட்டும் அதை மார்பின் குறுக்கே இழுத்துப் பிடித்துக்கொண்டு, சந்தி கடந்ததும் கைவிட்டுவிடுகின்றனர். பட்டி அணியாவிட்டால் வண்டி எழுப்பும் எச்சரிக்கை ஒலியைத் தாங்க மாட்டாமல், வெறும் கொளுவியொன்றை வாங்கிப் பூட்டில் செருகி, அவ்வொலியின் வாயை அடைத்துவிடுவோரும் உளர். பின்னாசனத்திலோ பட்டி என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அது இருக்கையின் இடுக்கில் புதைந்து கிடக்கும். முன்னாசனத்தில் தாயின் மடிமீது குழந்தை எழுந்து நின்று, கண்ணாடியில் கைகளை ஊன்றி வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

இவ்வளவு பக்தியும் இவ்வளவு அசட்டையும் ஒரே வண்டியில் பிரயாணஞ் செய்வது எங்ஙனம் என்பதே நம்முடைய வியப்பு. ஆகவே, வண்டியோடு நமக்குக் கிடைத்துள்ள பாதுகாப்புச் சாதனங்கள் எவை, அவை எவ்வாறு தொழிற்படுகின்றன, அவற்றைச் சரிவரப் பயன்படுத்துவது எவ்வாறு, சாரதியானவர் ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு எத்தகையது என்பனவற்றை இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

வண்டி நின்றாலும் உடல் நிற்பதில்லை

பாடசாலையில் விஞ்ஞானம் படிக்கும் மாணவர் நியூற்றனின் முதலாம் இயக்க விதியை மனப்பாடமாகச் சொல்வர். இயங்கிக்கொண்டிருக்கும் பொருளொன்று, புறவிசை ஒன்று தாக்கும்வரை, அதே வேகத்தில் அதே திசையில் சென்றுகொண்டே இருக்கும் என்பது அவ்விதி. பரீட்சைக்குப் பின் நாம் மறந்துவிடும் இவ்விதியை வீதி மறப்பதில்லை. மணிக்கு 50 கிலோ மீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி மரமொன்றில் மோதி நிற்கிறது என்று கொள்வோம். நின்றது வண்டி மட்டுமே. உள்ளே இருப்பவரின் உடல் அதே 50 கிலோ மீற்றர் வேகத்தில் முன்னோக்கிச் செல்கிறது. அதை நிறுத்துவதற்கு எதிரே இருப்பவை சுக்கானும், கண்ணாடியும், முன்பலகையுமே. உடல் அவற்றில் மோதி நின்ற பின்னரும், உடலினுள்ளே இருக்கும் மூளையும் ஈரலும் இருதயத்திலிருந்து புறப்படும் பெருங் குருதிக் குழாயும் தத்தம் வேகத்தை இழக்கவில்லை. அவை எலும்புச் சுவரில் மோதுகின்றன. ஆகவே ஒரு விபத்தில் நிகழும் மோதல்கள் மூன்று: வண்டியின் மோதல், உடலின் மோதல், உள்ளுறுப்புகளின் மோதல். வெளியே ஒரு கீறலும் இல்லாதவர் வைத்தியசாலையில் உயிர் துறப்பதன் காரணம் பல சமயங்களில் இம் மூன்றாவது மோதலே.

இவ்வேகத்தின் கொடுமையை நம் ஊர்க் கணக்கிற் சொல்லிப் பார்ப்போம். 50 கிலோ மீற்றர் வேகத்தில் மோதுவது, முப்பதடி ஆழமுள்ள வெறுங் கிணற்றினுள் தலைகீழாக வீழ்வதற்குச் சமம். 70 கிலோ மீற்றர் வேகத்தில் மோதுவது, அறுபதடி உயர்ந்த பனையின் வட்டிலிருந்து நிலத்தில் வீழ்வதை ஒக்கும். அதிவேகப் பாதையில் 100 கிலோ மீற்றர் வேகத்தில் மோதுவதோ, அத்தகைய பனைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, அவற்றின் உச்சியிலிருந்து குதிப்பது போன்றது. பனையேறும் தொழிலாளி இடுப்பிலும் காலிலும் கயிறு கட்டாமல் மரத்திற் கைவைப்பாரா? கைதேர்ந்த அவருக்கு வேண்டிய கயிறு, காரில் ஏறும் நமக்கு வேண்டாததாகிவிட்டது!

ஆபத்தில் உடலைக் கைகளால் ஊன்றித் தாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணுவோரும் உண்டு. மோதல் தொடங்கி முடிவது ஒரு செக்கனில் ஏறக்குறைய பத்திலொரு பங்கு நேரத்தில். கையை உயர்த்த வேண்டும் என்று மூளை கட்டளையிடுமுன் எல்லாம் முடிந்துவிடும். முடிந்திராவிடினும், அறுபது கிலோ எடையுள்ள ஒருவரை அந்நேரத்தில் தள்ளும் விசை ஒரு தொன்னுக்கும் அதிகம். அதைத் தாங்கும் கை மனிதருக்கு இல்லை.

மோட்டார் யுகத்தின் வாயிலிலேயே இவ்வுண்மை ஓர் உயிரை விலையாகக் கேட்டது. அயர்லாந்தில் மேரி வார்ட் என்ற பெண்மணி வாழ்ந்தார். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் அடைத்திருந்த அக்காலத்தில், தாமாகவே பயின்று, நுணுக்குக்காட்டியைப் பற்றி நூல்கள் எழுதிப் புகழ்பெற்றவர் அவர். 1869 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31 ஆம் நாள், உறவினர் அமைத்த நீராவி வண்டியொன்றில் கணவருடன் சென்றார். வண்டி வீதி வளைவொன்றில் திரும்பியபோது அவர் இருக்கையிலிருந்து தூக்கியெறியப்பட்டு, அதன் சில்லின் கீழ் அகப்பட்டு உயிரிழந்தார். மோட்டார் வண்டியால் மாண்டவர்களுள் நாம் அறிந்த முதலாமவர் இவரே எனக் கருதப்படுகிறது. அவ்வண்டி மிக மெதுவாகவே சென்றது என்பது குறிப்பிடத்தக்கது. அன்று அவரை இருக்கையோடு பிணைத்து வைக்க ஒரு பட்டி இருந்திருக்குமாயின், அந்த அறிவுச்சுடர் நாற்பத்திரண்டாம் வயதில் அணைந்திராது.

பட்டி பிறந்த கதை

ஆசனப் பட்டி யாரோ ஒரு வியாபாரி வண்டியை அலங்கரிக்கக் கண்டுபிடித்த பொருளன்று. அதன் பின்னால் தம் உடலையே சோதனைக் களமாக்கிய மனிதர் ஒருவர் இருக்கிறார். அமெரிக்க விமானப் படையின் வைத்தியரான ஜோன் ஸ்ராப் என்பவர், மனித உடல் எத்துணை அதிர்ச்சியைத் தாங்கும் என்று அறிய விரும்பினார். 1954 ஆம் ஆண்டு டிசெம்பர் 10 ஆம் நாள், நியூ மெக்சிக்கோ மாநிலத்துப் பாலைநிலத்தில், தண்டவாளத்தில் ஓடும் ரொக்கற் சறுக்கு வண்டியொன்றில் அவர் தம்மைப் பட்டிகளால் இறுகப் பிணைத்துக்கொண்டு அமர்ந்தார். வண்டி மணிக்கு ஆயிரம் கிலோ மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தை எட்டியது. பின்னர் ஏறத்தாழ ஒன்றரைச் செக்கனுக்குள் முற்றாக நின்றது. அவர் உடல் தன் எடையைப் போல் நாற்பத்தாறு மடங்கு விசையைத் தாங்கிற்று. கண்களில் இரத்தம் கசிந்தது. சிறிது நேரம் பார்வையும் மங்கியது. ஆயினும் அவர் பிழைத்தார். 1999 ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார். சரியாகப் பிணைக்கப்பட்ட உடல் எவ்வளவு பெரிய மோதலையும் தாங்கவல்லது என்பதை உலகம் அன்று கண்டுகொண்டது. வான்விபத்துகளிலும் பார்க்க வீதிவிபத்துகளிலேயே விமானப் படை வீரர்கள் அதிகம் மாள்கின்றனர் என்பதை உணர்ந்த ஸ்ராப், பின்னர் கார்களிலும் பட்டி வேண்டும் என்று ஓயாது வாதாடினார்.

அக்காலத்துக் கார்கள் சிலவற்றில் இருந்தது இடுப்பின் குறுக்கே மட்டும் கட்டும் பட்டி. அது உடலை ஓரளவு பிடித்தாலும், மேலுடல் கத்தி மடிவதுபோல் முன்னே மடிந்து, தலையும் மார்பும் மோதுண்டன. வயிற்றினுள்ளும் காயங்கள் உண்டாயின. இக்குறையை நீக்கியவர் சுவீடன் நாட்டுப் பொறியியலாளரான நில்ஸ் போலின். இவர் முன்னர் போர் விமானங்களில் விமானியை ஆசனத்தோடு வெளியே எறிந்து காப்பாற்றும் பொறியை அமைப்பதில் ஈடுபட்டவர். 1958 இல் வொல்வோ கார்த் தொழிற்சாலையிற் சேர்ந்து, அடுத்த ஆண்டே இடுப்பையும் மார்பையும் ஒருங்கே தழுவி, இடுப்பருகே ஒரே பூட்டில் முடியும் மூன்று முனைப் பட்டியை அமைத்தார். ஒற்றைக் கையால், ஒரே அசைவில், சிறு பிள்ளையும் பூட்டக்கூடியதாக அது இருந்தது. 1959 இல் அப்பட்டியோடு கார்கள் விற்பனைக்கு வந்தன.

இதனினும் போற்றத்தக்கது பின்னர் நடந்தது. கண்டுபிடிப்பின் உரிமை அத் தொழிற்சாலைக்கே உரியதாயிருந்தும், அதை ஏனைய கார் உற்பத்தியாளரும் தடையின்றிப் பயன்படுத்த அது இடமளித்தது. 1967 இல் போலின், சுவீடனில் நிகழ்ந்த 28,000 விபத்துகளை ஆராய்ந்து அறிக்கையொன்றை வெளியிட்டார். பட்டி அணியாதவர் எல்லா வேகங்களிலும் மாண்டிருந்தனர். பட்டி அணிந்தவருள், மணிக்கு 60 மைலுக்குக் குறைந்த வேகத்தில் மாண்டவர் ஒருவரேனும் இலர். இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

சட்டங்கள் மெல்ல மெல்லப் பின்தொடர்ந்தன. உலகில் முதன்முதலாக, 1970 ஆம் ஆண்டின் இறுதியில், அவுஸ்திரேலியாவின் விக்ரோரியா மாநிலம் பட்டி அணிவதைக் கட்டாயமாக்கியது. பிரித்தானியாவில் முன்னாசனத்தாருக்கு 1983 இல் கட்டாயமாயிற்று. நம் நாட்டில் சாரதியும் முன்னாசனத்தில் அமர்பவரும் பட்டி அணியவேண்டும் என்ற விதி 2011 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரிலேயே தெற்கு அதிவேகப் பாதையும் திறக்கப்பட்டது. வேகத்திற்கு வழி திறந்த வேளையில் பட்டிக்கும் வழி பிறந்தது பொருத்தமே.

அணிவதிலும் ஒரு முறை உண்டு

பட்டியை அணிந்தால் மட்டும் போதாது. முறையாக அணிதல் வேண்டும். அதன் பயன் உடலின் வலிய எலும்புகளான இடுப்பெலும்பு, விலா, காறையெலும்பு ஆகியவற்றின்மீது மோதல் விசையைப் பரப்பிவிடுவதிலேயே தங்கியுள்ளது. இதை மனத்திற் கொண்டால் அணியும் முறை தானே விளங்கும்.

இடுப்புப் பகுதி வயிற்றின்மேல் இராது, அதற்குக் கீழே இடுப்பெலும்புகளின்மேல், தொடையைத் தொட்டபடி படிந்திருக்க வேண்டும். வயிற்றின்மேல் இருந்தால், ஈரலும் குடலும் அப்பட்டியாலேயே நசுங்கும். தோட்பகுதி கழுத்தை அறுக்காமலும் தோளிலிருந்து வழுவாமலும், காறையெலும்பின் நடுவாகவும் மார்பின் குறுக்காகவும் செல்ல வேண்டும். சேலை கசங்கும் என்றோ கழுத்தில் உரசுகிறது என்றோ அதை அக்குளின் கீழாகவும் முதுகின் பின்னாகவும் விடுவது பெரும் பிழை. அப்படி அணிந்தவருக்கு விலாவெலும்பு முறிந்து உள்ளே பாயக்கூடும். பட்டி முறுக்கிக் கிடத்தலும் ஆகாது. முறுக்கிய பட்டி கயிறு போல் ஒரே கோட்டில் அழுத்தும். பூட்டியபின் தோட்பகுதியை ஒருமுறை மேல்நோக்கி இழுத்து, தளர்ச்சியை நீக்கிவிடுதல் நன்று. ஆசனத்தைச் சாய்மனைக் கதிரைபோல் சாய்த்துப் படுத்துக்கொண்டு பட்டி அணிவதாற் பயனில்லை. மோதலின்போது உடல் பட்டியின் கீழாக வழுக்கிச் சென்றுவிடும்.

கருவுற்ற தாய்மார் பட்டி அணிந்தால் சிசுவுக்குத் தீங்கு என்று கருதித் தவிர்க்கின்றனர். உண்மை இதற்கு மாறானது. சிசுவின் முதற் பாதுகாப்பு தாயின் உயிரே. இடுப்புப் பகுதியை வயிற்றின் மேடுக்குக் கீழாகவும், தோட்பகுதியை மார்புகளுக்கிடையிலும் வயிற்றின் பக்கவாட்டிலுமாக அமைத்துக்கொண்டால் இருவருக்கும் காப்பு உண்டு.

ஒருமுறை பெரிய மோதலைத் தாங்கிய பட்டியை மாற்றிவிட வேண்டும். அதன் இழைகள் இழுபட்டுத் தம் வலிமையை இழந்திருக்கும். ஓரம் பிய்ந்த பட்டிக்கும் இதுவே விதி. தைத்துச் சமாளிக்கும் சிக்கனம் இவ்விடத்தில் உதவாது.

பின்னாசனமும் தாயின் மடியும்

“முன்னே இருப்பவருக்குத்தானே ஆபத்து? பின்னால் இருக்கும் நமக்கு என்ன?” என்று கேட்பவர் பலர். 2022 ஆம் ஆண்டு செப்டெம்பர் 4 ஆம் நாள், இந்தியாவின் பெருஞ் செல்வந்தர்களுள் ஒருவரும் டாட்டா குழுமத்தின் முன்னாள் தலைவருமான சைரஸ் மிஸ்திரி, மும்பாய் நோக்கி வரும் நெடுஞ்சாலையில், பால்கர் மாவட்டத்துப் பாலமொன்றில் அவரது வண்டி மோதியதால் உயிரிழந்தார். வண்டியோ உலகின் விலையுயர்ந்த, பாதுகாப்புச் சாதனங்கள் நிரம்பிய வகையைச் சேர்ந்தது. முன்னாசனத்தில் இருந்த இருவரும் படுகாயத்தோடு உயிர் தப்பினர். பின்னாசனத்தில் இருந்த இருவரும் மாண்டனர். பின்னால் இருந்த இருவரும் பட்டி அணிந்திருக்கவில்லை என்று பொலிஸார் தெரிவித்தனர். செல்வம் எத்துணை வாங்கித் தந்தாலும், பூட்டிக்கொள்ளும் செயலை நாமேதான் செய்ய வேண்டும்.

பின்னால் பட்டியின்றி இருப்பவர் தமக்கு மட்டும் ஆபத்தை வருவித்துக்கொள்வதில்லை. மோதலின்போது அவர் முன்னாசனத்தின் முதுகில் பெரும் பாரமாக வீழ்ந்து, பட்டி அணிந்து அமர்ந்திருக்கும் முன்னவரையும் நசுக்குகிறார். பின்கண்ணாடியோரம் கட்டாமல் வைத்த தேங்காய்களும் பலாப்பழமும் செய்வதும் இதுவே. ஊரிலிருந்து கொண்டுவரும் பத்துக் கிலோப் பலாப்பழம், மோதும் அக்கணத்தில் இருநூறு கிலோ விசையோடு முன்னோக்கிப் பாயும்.

அந்தக் கணக்கையே குழந்தைக்கும் போட்டுப் பாருங்கள். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய், 50 கிலோ மீற்றர் வேகத்தில் நிகழும் மோதலில் அக்குழந்தையைப் பிடித்து நிறுத்த வேண்டுமாயின், ஐம்பது கிலோ அரிசி மூட்டைகள் நான்கை ஒரே நொடியில் கைகளால் தாங்கவேண்டும். எந்தத் தாயின் அன்புக்கும் அவ்வளவு வலிமை இல்லை. தாயும் பட்டி அணியாதிருந்தால், அவருடைய உடலே குழந்தையை முன்பலகையோடு வைத்து நசுக்கும். தாயையும் பிள்ளையையும் ஒரே பட்டியினுள் சேர்த்துப் பூட்டுவதும் அதே முடிவைத் தரும்.

பெரியோருக்காக அமைத்த பட்டி சிறுவரின் உடலுக்குப் பொருந்தாது; கழுத்திலும் வயிற்றிலும் படியும். ஏறத்தாழ நாலரை அடி உயரம் எட்டும்வரை, பருவத்திற்கேற்ற குழந்தை ஆசனமோ உயர்த்தி ஆசனமோ வேண்டும். கைக்குழந்தையின் தலை உடலோடு ஒப்பிடுகையில் பெரிது, கழுத்து மென்மையானது. ஆதலால் அதன் ஆசனம் பின்னோக்கிய முகமாக அமைந்திருக்க வேண்டும். இத்தகைய ஆசனங்கள் சிறுவரின் மரண அபாயத்தை ஏறத்தாழ 60 சதவீதத்தாற் குறைக்கும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. விலை அதிகம் என்று சொல்வோர், பிறந்தநாள் விழாவுக்குச் செலவிடுவதை ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும். வாங்க இயலாத குடும்பத்தினர், பிள்ளைகளைப் பின்னாசனத்தில் இருத்தி, ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பட்டி பூட்டுவதையாவது தவறாது செய்யலாம்.

காற்றுப் பையும் தலையணையும்

இக்காலக் கார்களில் சுக்கானிலும் முன்பலகையிலும் காற்றுப் பைகள் மறைந்துள்ளன. கடும் மோதலை உணர்ந்ததும், ஒரு செக்கனின் இருபதிலொரு பங்கு நேரத்தில் வெடித்து விரிந்து, தலையையும் மார்பையும் ஏந்திக்கொள்ளும் இப்பை, பட்டிக்கு மாற்றன்று, அதற்குத் துணை. பட்டியில்லாதவர் மோதலின் தொடக்கத்திலேயே முன்னே சரிந்துவிடுவதால், மணிக்கு இருநூறு கிலோ மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் விரியும் பையின் வாயிலேயே முகத்தைக் கொடுத்துவிடுகிறார். ஆகவே பட்டி அணிந்து, சுக்கானிலிருந்து மார்பு பத்தங்குலமேனும் விலகியிருக்குமாறு ஆசனத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். முன்பலகைமேல் கால்களைத் தூக்கிப் போட்டுச் செல்வதும், சாமிப் படங்களையும் பொம்மைகளையும் பையின் மூடிமேல் ஒட்டுவதும் ஆபத்தானவை. பின்னோக்கிய குழந்தை ஆசனத்தைக் காற்றுப் பையுள்ள முன்னாசனத்தில் ஒருபோதும் வைக்கலாகாது. விரியும் பை குழந்தையின் தலைமீதே தாக்கும்.

இங்கு நம் நாட்டார் அறியவேண்டிய செய்தியொன்றுண்டு. தக்காட்டா என்ற யப்பானிய நிறுவனம் செய்த காற்றுப் பைகள் சிலவற்றில், பையை விரிக்கும் இரசாயனம் நீண்ட காலம் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் உட்பட்டுக் கெட்டுவிட்டது. மோதலின்போது அதன் உலோக உறை சிதறிப் பலரைக் கொன்றது. உலகெங்கும் பல கோடி பைகள் மாற்றுவதற்காகத் திருப்பி அழைக்கப்பட்டன. அந்நிறுவனம் 2017 இல் முறிந்தது. நம் நாட்டின் சுவாத்தியம் வெப்பமும் ஈரமும் மிக்கது. நம் வீதிகளில் ஓடுபவற்றுட் பல, யப்பானிலிருந்து வந்த பாவித்த வண்டிகள். ஆகவே பழைய வண்டி வைத்திருப்போர் அதன் அடிச்சட்ட இலக்கத்தைக் கொடுத்து, திருப்பி அழைக்கப்பட்டவற்றுள் அதுவும் ஒன்றா என முகவரிடம் விசாரித்தறிதல் அவசியம். பாவித்த வண்டி வாங்குவோர் இன்னுமொன்று கவனிக்கலாம்: சாவியைத் திருப்பியதும் காற்றுப் பையின் சமிக்ஞை விளக்கு எரிந்து, சில செக்கன்களில் அணைய வேண்டும். அது எரியாமலே இருந்தாலும் அணையாமலே இருந்தாலும் கோளாறு உண்டு. ஒருமுறை விரிந்த பையை மாற்றாமல் வெறும் மூடியை ஒட்டி விற்பவரும் உலகில் உளர்.

ஆசனத்தின் தலையணை உறங்குவதற்கன்று. பின்னாலிருந்து ஒரு வண்டி மோதும்போது, உடல் முன்னே தள்ளப்பட்டுத் தலை மட்டும் பின்னே வளைந்து கழுத்து நரம்புகள் ஊறுபடாதபடி தடுப்பதற்கே அது. அதன் மேல்விளிம்பு உச்சந்தலைக்கு நேராக இருக்குமாறு உயர்த்திக்கொள்ள வேண்டும். தாழ்ந்து கழுத்தடியில் நிற்பது கழுத்தை முறிக்கும் நெம்புகோலாகிவிடும்.

சில சாக்குப் போக்குகள்

“வண்டி தீப்பிடித்தால், குளத்தில் வீழ்ந்தால், பட்டியில் அகப்பட்டு மாள்வேனே” என்பது முதற் சாக்கு. அவ்வகை விபத்துகள் மிகச் சிலவே. அவற்றிலுங்கூட, மோதலில் மயக்கமுறாது விழிப்போடு இருப்பவரே பூட்டைக் கழற்றி வெளியேற முடியும். அவ்விழிப்பைத் தருவது பட்டி. “வெளியே எறியப்பட்டால் பிழைத்துக்கொள்வேன்” என்பது இரண்டாவது. எறியப்பட்டவர் வீழ்வது தார் வீதியிலும் மரத்திலும், சில வேளை தம் வண்டியின் கீழுமே. “பக்கத்துக் கடைக்குத்தானே போகிறேன்” என்பது மூன்றாவது. ஒழுங்கைச் சந்தியில் எதிர்ப்படும் லொறிக்கு நாம் எவ்வளவு தூரம் போகிறோம் என்பது தெரியாது.

முன்னாசனத்தில் பட்டி அணிதல் மரண அபாயத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. மோட்டார் சைக்கிளிற் செல்வோருக்குத் தலைக்கவசமும் இத்தகையதே. ஆனால் நாடிவாரைப் பூட்டாமல் தலையிற் கவிழ்த்துக்கொள்ளும் கவசம், வீழும்போது நமக்கு முன்னரே வீதியில் உருண்டோடிவிடும்.

சாரதி என்ற சொல்லின் பாரம்

இத்தனை சாதனங்களையும் சொன்னபின் ஒன்றை வற்புறுத்த வேண்டும். இவையாவும் விபத்து நேர்ந்தபின் உதவுபவை. விபத்தை நேராமற் காக்கும் சாதனம் வண்டியில் ஒன்றே உண்டு. அது சுக்கானைப் பிடித்திருக்கும் மனிதனின் பொறுப்புணர்ச்சி. பட்டி அணிந்துவிட்டோம் என்ற துணிவில் வேகத்தைக் கூட்டுபவர், குடை பிடித்துக்கொண்டு கிணற்றில் இறங்குபவரை ஒப்பர்.

வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் வலு நான்கு மடங்காகிறது. சாதாரண வீதிகளில் சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால், உயிர்கொல்லும் விபத்தின் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு கூடுகிறது. 60 கிலோ மீற்றர் வேகத்திற் செல்பவர் கைத்தொலைபேசியை மூன்று செக்கன் பார்த்தால், வண்டி ஐம்பது மீற்றர் குருடாக ஓடிவிடுகிறது. அந்த ஐம்பது மீற்றருக்குள் ஒரு பாடசாலை வாயிலும், வீதியைக் கடக்கும் ஒரு கிழவியும் இருக்கலாம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்திற்கு ஏறத்தாழ நானூறு கிலோ மீற்றர். கலியாண வீட்டில் இரவிரவாகக் கண்விழித்துவிட்டு, “விடியுமுன் போய்ச் சேர்ந்துவிடலாம்” என்று புறப்படும் வான் எத்தனை! சாரதி நான்கு செக்கன் கண்ணயர்ந்தால், 70 கிலோ மீற்றர் வேகத்தில் வண்டி ஏறக்குறைய எண்பது மீற்றர் தானாக ஓடும். தேநீரும் பாட்டும் உறக்கத்தை வெல்லமாட்டா; உறக்கத்திற்கு மருந்து உறக்கமே. வண்டியை ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் கண்மூடுவதில் வெட்கமில்லை. மதுவருந்தியவர் சுக்கானைத் தொடலாகாது என்பதை நாம் மீண்டும் எடுத்தோத வேண்டியதில்லை.

நம் தீவின் வீதிகளில் ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கும் அதிகமானோர் மாள்கின்றனர். போரையும் கடற்கோளையும் கண்டு அழுத நாடு இது. இம்மரணங்களோ நாளுக்குச் சிலவாக, பத்திரிகையின் ஒரு மூலையில் நாலு வரியாக வந்து போவதால், அவற்றுக்காக நாம் கூடி அழுவதில்லை. ஆயினும் அந்நாலு வரிக்குப் பின்னால், இரவுச் சோறு ஆறிக்கிடக்க வாயிலைப் பார்த்திருந்த ஒரு வீடு உண்டு.

சாரதி என்ற சொல்லை நம் முன்னோர் சாதாரணமாக வழங்கவில்லை. போர்க்களத்தில் தேரின் கடிவாளத்தை ஏந்தி, தேரில் உள்ளவனின் உயிரைத் தன் பொறுப்பில் ஏற்றவனுக்கே அப்பெயர் உரியதாயிற்று. இன்று அனுமதிப்பத்திரம் பெற்ற ஒவ்வொருவரும் அப்பெயரைத் தாங்குகின்றனர். ஆகவே, வண்டியை உயிர்ப்பிக்குமுன் திரும்பிப் பார்த்து, “எல்லாரும் பட்டி பூட்டியாயிற்றா?” என்று கேட்பது சாரதியின் முதற் கடமை. பூட்டாதவரை ஏற்றிக்கொண்டு புறப்படமாட்டேன் என்று மாமாவிடமும் பெரியப்பாவிடமும் பணிவாகச் சொல்வது மரியாதைக் குறைவாகாது.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெரியோர் சொல்வதைவிடப் பிள்ளைகள் சொல்வதைப் பெரியோர் எளிதிற் கேட்பர். பாடசாலைக்குப் புறப்படும் காலையில், “அப்பா, பட்டி” என்ற இரண்டு சொற்களை நீங்கள் நாள்தோறும் சொல்லிவந்தால், ஒரு மாதத்தில் அது உங்கள் வீட்டு வழக்கமாகிவிடும். பல் துலக்குவதும் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டினுட் புகுவதும் அப்படி வந்த வழக்கங்களே.

அடுத்த முறை முறிகண்டியில் வண்டி நிற்கும்போது தேங்காயை உடையுங்கள், கர்ப்பூரம் கொளுத்துங்கள், கச்சானும் வாங்குங்கள். திருநீறு அணிந்த கையால் பட்டியையும் இழுத்துப் பூட்டிக்கொள்ளுங்கள். பின்னாலுள்ள பிள்ளைகளின் பூட்டு விழுந்த ஓசையையும் கேட்டுக்கொண்டு, பிறகு புறப்படுங்கள். பிள்ளையார் பார்த்துக்கொள்வார் என்பது நம் நம்பிக்கை. அவர் பார்ப்பதற்கு முன் நாம் பார்க்கவேண்டியதைப் பார்த்துவிடுவோம்.